ஐம்பது அங்குலத்தில் நேசபாய்

நேசபாயின் வீட்டுக் கேட்டைத் தள்ளும்போதே ஜெரிஷ் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். அடித்த நாற்றம் மழையில் ஊறிக் கிடந்த தேங்காய் மட்டையுடையது. இருந்தாலும் பொத்தினான். செத்தவர்கள் வீடு என்றால் அவன் முகம் தானாகவே கோணிக்கொள்ளும்.

இத்தனைக்கும் சாவுதான் அவனுக்குச் சோறு போட்டது.

திங்கள்சந்தைக்கும் மண்டைக்காட்டுக்கும் நடுவே யார் கண்ணை மூடினாலும் கேமராவோடு முதலில் போய் நிற்பவன் ஜெரிஷ். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் குவைத்திலோ மஸ்கட்டிலோ இருப்பார்கள். லீவு கிடைக்காதவர்கள் அடக்கத்தை டிவிடியில் பார்த்துத்தான் அழ வேண்டும். பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று எடுக்கும் படத்தில், வர முடியாத மகனைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி நிறுத்துவதும் ஜெரிஷ்தான். ஏதாவது கல்யாணப் படத்திலிருந்து ஆளை உருவி, சிரிப்பை அழித்து, கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கறுப்புப் பூசினால் மகன் துக்கத்தோடு நிற்பான். அந்த டிவிடியைப் பார்த்து அந்த மகனே தேம்பித் தேம்பி அழுவான். அதை நினைத்தால் ஜெரிஷுக்குச் சிரிப்பு தாங்காது.

"செத்தவளுக்குப் பவுடரு, இருக்கவனுக்குக் கண்ணீரு. ரெண்டும் நம்ம கடையிலதான் கிட்டும்" என்பான்.

அவனிடம் உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்று. குரல்.

கருப்பட்டிப் பாகு கம்பிப் பதத்துக்கு வந்ததுபோல ஒரு குரல். சுடலையாண்டியின் ஆட்டோ கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக மரண அறிவிப்பு சொல்லிப் போகும். அதில் ஒலிப்பது ஜெரிஷ் பதிந்து கொடுத்த குரல். "அன்னார்" என்று அவன் இழுத்தால் குழாயடியில் குடம் நிரம்பி வழிவதைக்கூடப் பெண்கள் மறந்துவிடுவார்கள். "அவனுக்க வாயால பேரு சொல்லிக் கேக்கணும்னா சாவலாம் பிள்ளேய்" என்று ஒருத்தி சொன்னதாகக் கேள்வி.

திருநெல்வேலியில் ஒரு எஃப்.எம். ஸ்டேஷன், குரல் தேர்வுக்கு வரச்சொல்லி அவனைக் கூப்பிட்டிருந்தது. அது மட்டும் கிடைத்துவிட்டால் பிணங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. ஜெரிஷின் உயிரே இப்போது தொண்டையில்தான் இருந்தது.

கதவைத் திறந்தவள் பூங்கனி. நேசபாய்க்குக் கடைசிவரை சோறாக்கிப் போட்டு, மேல் கழுவித் துடைத்துவிட்டவள்.

"டிவிக்கா தம்பி?"

"ஆமா. அடக்கப் படத்துக்க காசுக்குப் பதிலா கிளாட்சன் அண்ணன் எடுத்துக்கிடச் சொல்லியாச்சு."

கிளாட்சன் நேசபாயின் ஒரே மகன். குவைத்தில் இருக்கிறான். இரண்டு கிறிஸ்மஸுக்கு வராமல் இருந்துவிட்டு, மூன்றாவது கிறிஸ்மஸுக்குத் தனக்குப் பதிலாக ஐம்பது அங்குல பிளாஸ்மா டிவியை அனுப்பிவைத்தான். அம்மாவின் அடக்கத்துக்கும் வரவில்லை. படத்தில் பெட்டியின் தலைமாட்டில் நின்று அழுதுகொண்டிருந்தது ஜெரிஷ் செய்த கிளாட்சன்.

டிவியைத் தூக்க உதவிக்கு வந்த சுடலையாண்டியோடு அவன் ஹாலுக்குள் போனான். டிவிக்கு நேரே பிரம்பு பின்னிய ஒரு சூரல் நாற்காலி கிடந்தது. இருந்து இருந்து பின்னல் தொங்கி, அதில் இப்போதும் ஒரு ஆள் இருப்பதுபோலப் பள்ளம் விழுந்திருந்தது. பக்கத்தில் ஸ்டூல், ஒரு எவர்சில்வர் தம்ளர், தைலக் குப்பி. வேறொன்றும் இல்லை. மூன்று மாடி வீட்டில் அந்தக் கிழவி வாழ்ந்த இடம் அவ்வளவுதான்.

"ஓய் சுடலை, இதப் பாத்தீரா? மெத்த, கட்டிலு, சோபா எல்லாம் மேல சும்மா கெடக்கு. கெழவி காட்சிசாலைல கொரங்கு மாதிரி இதுக்க முன்ன இருந்தே செத்திருக்கு!"

ஜெரிஷ் வாய்விட்டுச் சிரித்தான். ஆளில்லாத வீட்டில் அந்தச் சிரிப்பு மாடிப்படி ஏறிப் போய், கொஞ்சம் பொறுத்துத் திரும்பி வந்தது. போனதைவிட மெதுவாக.

சுடலையாண்டி சிரிக்கவில்லை. பூங்கனியும் சிரிக்கவில்லை.

"ரிமோட்டு எங்க?"

பூங்கனியின் முகம் செத்தது. "அது... இல்ல தம்பி."

"போவட்டும். கம்ப்யூட்டருக்கு மாட்டப் போறேன். ரிமோட்ட வச்சு நான் என்னத்தப் பண்ண?"

டிவி எருமைக் கனம். வயர்களோடு அதை ஆட்டோவில் ஏற்றியபோது, மழைக் குளிரிலும் அதன் முதுகு சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் அணைத்துவிட்டு எழுந்து போனதுபோல.

*

ஜெரிஷின் ஸ்டுடியோ என்பது அவன் வீட்டு மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. மேசை முழுவதையும் டிவி அடைத்துக்கொண்டது. கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டான்.

"இதென்ன அத்தான், சினிமாக் கொட்டகையா?" டீயோடு வந்த அஜிஷா வாசலிலேயே நின்றாள். "இவ்வளவு கிட்ட இருந்தா கண்ணு போயிராதா?"

"ஏட்டி, நீ வெங்காயம் உரிச்சாலும்தான் கண்ணு போவுது. டீய வச்சிட்டு எறங்கு."

அஜிஷா இறங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதிகம் செய்தது அதுதான்.

கம்ப்யூட்டரின் படம் டிவிக்குச் சரியாகப் பொருந்தவில்லை. ஓரங்கள் சட்டத்துக்குள் போய் ஒளிந்துகொண்டன. எழுத்துகள் நீர் கோத்ததுபோலத் தெரிந்தன. ஆனாலும் மணப்பெண்ணின் மூக்குத்தி தேங்காய் அளவுக்குத் தெரிகிறபோது ஒரு மிதப்பு வரத்தானே செய்யும்? பதினேழு அங்குலப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழும் மற்ற ஸ்டுடியோக்காரர்களை நினைத்து அவன் மனதாரக் காறித் துப்பினான்.

ஒரே ஒரு தொல்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஐம்பது அங்குலம் என்றால் மொத்தத்தையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது. இடது ஓரத்தைப் பார்க்கக் கழுத்தை இடப்பக்கம் திருப்ப வேண்டும். அப்போது வலது ஓரத்தில் என்ன நடக்கிறது என்பது தெரியாது.

அங்கே ஏதோ நடப்பதுபோல இருந்தது.

திரும்பினால் இருக்காது.

சில நாட்களில் கறை தெரிய ஆரம்பித்தது. பிளாஸ்மாவில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் அதன் தடம் கண்ணாடியிலேயே பதிந்துவிடும். மேல் மூலையில் ஏதோ ஜெப சேனலின் சிலுவை முத்திரை, எல்லா மணமகன்களின் நெற்றியிலும் மங்கலாக நின்றது.

"பாத்துப் பாத்தே டிவியத் தேச்சிருக்கு, சவம்" என்று முணுமுணுத்தான்.

வெள்ளைத் திரையை நெடுநேரம் ஓடவிட்டால் கறை போகும் என்று எங்கோ படித்திருந்தான். ஓடவிட்டான். அறை முழுவதும் பால் வெளிச்சம். சிலுவை மங்கியது.

திரையின் நடுவே வேறொன்று தெளிந்தது.

ஒரு வளைவு. அதற்கு இருபுறமும் இரண்டு கைப்பிடிகள். சூரல் நாற்காலியின் வடிவம். அந்த வளைவுக்கும் கைப்பிடிகளுக்கும் நடுவே, மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் அடர்த்தியாக, ஒரு ஆள் அளவுக்கு நிழல்.

ஜெரிஷ் கண்ணைக் கசக்கினான்.

டிவி காட்டியது டிவியில் பதியும். சரி. டிவிக்கு எதிரே இருந்தது எப்படிப் பதியும்?

தைல வாசனை அடித்தது. அஜிஷாவுக்குத் தலைவலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போனான்.

*

தேர்வுக்காக அவன் தினமும் மதியம் பயிற்சி செய்தான். மைக் முன் உட்கார்ந்து பேசப் பேச, திரையில் அவன் குரல் பச்சைக் கோடாக ஓடும். அவன் "அன்னார்" என்றால் அந்தக் கோடு வேளிமலைபோல எழும்பி இறங்கும். ஐம்பது அங்குலத்தில் தன் குரலைப் பார்ப்பது அவனுக்கு ஆசையாக இருந்தது.

ஒரு மதியம், பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் அடியில் ஒரு பட்டை தோன்றியது. டிவியின் சத்தத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் வருமே, அந்தப் பட்டை. நீளமாக இருந்தது.

ஒரு கட்டம் குறைந்தது.

இன்னொன்று.

"பக்கத்து வீட்டு எரப்பாளிப் பயக்க ரிமோட்ட வச்சு வெளயாடுதானுவ" என்று ஜன்னலைச் சாத்தினான்.

மூடிய அறைக்குள் மேலும் ஒன்று குறைந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. டிவிக்குப் படத்துக்கான வயர் மட்டும்தான் கொடுத்திருந்தான். சத்தத்துக்கு அவன் வயரே சொருகவில்லை. அந்த டிவியில் குறைப்பதற்குச் சத்தமே கிடையாது.

பிறகு எதனுடைய சத்தம் குறைகிறது?

"ஏட்டி அஜிஷா, டீ!" என்று கத்தினான். வரவில்லை. மறுபடியும் கத்தினான். கடைசியில் படியிறங்கிப் போனால், அவள் அடுப்படியில் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட்டா செவியில விழாதா?"

"நீங்க எப்ப கூப்பிட்டிய?" அவள் நிஜமாகவே விழித்தாள். "என்ன அத்தான், ஒங்க சத்தம் ஒரு மாதிரி அடங்கிக் கெடக்கு? தொண்டையா?"

மேலே ஓடிப்போய் மைக் முன் உட்கார்ந்தான். "அன்னார்" என்றான். மலை எழும்பவில்லை. வரப்பு உயரத்துக்கு ஏதோ ஒன்று எழும்பிப் படுத்துக்கொண்டது.

*

அந்த வாரம்தான் குவைத்திலிருந்து கிளாட்சனின் ஃபோன்.

"லேய் ஜெரிசு, அம்மைக்க அடக்கப் படத்துல எனக்கு வயிறு பெருசா தெரியுது. கொஞ்சம் உள்ள தள்ளி விடு. ஆளுக பாத்தா கேலி பண்ணுவானுவ."

ஜெரிஷ் நேசபாயின் அடக்க வீடியோவை மறுபடி திறந்தான். பழைய சின்ன மானிட்டரில் அவன் வெட்டி ஒட்டிய காட்சிகள் இப்போது ஐம்பது அங்குலத்தில் விரிந்தன. தேங்காய் எண்ணெய் தடவி வாரிய தலை. முழுதாக மூடாத இமை. மூக்கில் பஞ்சு. நெஞ்சின்மேல் மடித்துவைத்த கைகள்.

வழக்கமாக இரண்டு கைக்கும் வெள்ளைக் கையுறை போடுவார்கள். நேசபாயின் இடது கையில் மட்டும்தான் கையுறை இருந்தது. வலது கையை ஒரு பைபிள் மறைத்திருந்தது.

பைபிளுக்கு அடியில் கறுப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

பெரிதாக்கினான். வரிசையாகச் சின்னச் சின்ன ரப்பர் பொத்தான்கள்.

ரிமோட்.

அதன்மேல் நேசபாயின் கட்டைவிரல். ஜெரிஷ் காட்சியை நிறுத்திப் பார்த்தான். விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது. வீடியோவை ஒரு ஃபிரேம் முன்னால் நகர்த்தினான்.

விரல் பொத்தானின்மேல் இருந்தது.

திரையின் அடியில் அந்தப் பட்டை தோன்றி ஒரு கட்டம் குறைந்தது. வீடியோவில் அல்ல, டிவியில்.

அவன் அலறினான். அலறல் அவன் காதுக்கே அடுத்த தெருவில் கேட்பதுபோலக் கேட்டது.

*

"வெரலு விரியல்ல தம்பி." பூங்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "நாற்காலியில இருந்த இருப்புலயே உயிரு போச்சு. நான் காலைல வந்து பாக்கச்ச வெறச்சுக் கெடக்கு, கையில ரிமோட்டு. வெந்நி ஊத்திப் பாத்தோம், எண்ண தேச்சுப் பாத்தோம். கோயில்ல மணி அடிச்சாச்சு, போதகரு வந்து நிக்காரு. கையுற ஏறல்ல. பைபிள மேல வச்சு மறச்சிட்டோம். ஆரும் பாக்கல்லன்னு நெனச்சேன்."

இருவரும் நேசபாயின் வீட்டு முற்றத்தில் நின்றிருந்தார்கள். காம்பவுண்டு மூலையில் குடும்பக் கல்லறை. புது டைல்ஸில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அந்த அம்மைக்கு டிவி பாக்கணும்னு ஒண்ணும் இல்ல தம்பி. சத்தம் கேக்கணும். ஆம்பிளச் சத்தம். மவன் சத்தம் மாசத்துக்கு ஒருக்கா ஃபோனுல ரெண்டு நிமிசம் வரும். அதான் பிரசங்கக்காரனுவ சத்தத்தக் கூட்டி வச்சிட்டு இருக்கும். வீட்டுல ஒரு ஆளு இருக்க மாதிரி இருக்காம்." அவள் கல்லறையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அடக்கத்து அன்னைக்கு நீ மைக்குல வாழ்க்கக் குறிப்பு வாசிச்சேல்லா? மவன் கடசி வர பக்கத்துல இருந்து பாத்தான்னு? அப்பமே நெனச்சேன், உயிரோட இருந்தா இந்தச் சத்தத்த விட்டிருக்காதுன்னு."

"செத்த கெழவி குழிக்குள்ள இருந்து எனக்க சத்தத்தக் குறைக்காளாக்கும்? தூ! போயி வேற சோலியப் பாரும்!"

பூங்கனி கையைக் காதருகே மடக்கிக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

"என்னது தம்பி? ஒண்ணும் கேக்கல்ல."

*

தேர்வுக்கு முந்தின நாள் மதியம். கடல் பக்கமிருந்து மேகம் இருட்டிக்கொண்டு வந்து, பட்டப்பகலிலேயே மாடி அறைக்குள் கறுப்பு இறங்கியிருந்தது. ஜெரிஷ் டிவியை ஓரமாகத் திருப்பி வைக்கப் போனான். இனி இது வேண்டாம். பழைய பெட்டியே போதும்.

கரண்ட் போனது. 2012-இல் அது ஒரு அதிசயமில்லை. கம்ப்யூட்டர் ஒருமுறை கத்திவிட்டு அணைந்தது. மின்விசிறி நின்றது. தெருவில் எல்லா வீடும் அடங்கியது.

டிவி அணையவில்லை.

அவன் குனிந்து பிளக்கைப் பிடுங்கினான். வயர் கையோடு வந்தது.

டிவி அணையவில்லை.

திரையில் கறை இல்லை இப்போது. சூரல் நாற்காலி, அதன் ஒவ்வொரு பின்னலும் தெரிந்தது. ஸ்டூல் தெரிந்தது. தம்ளர் தெரிந்தது. நாற்காலியில் வெள்ளைச் சேலை கட்டி, இடது கையில் மட்டும் கையுறை போட்டுக்கொண்டு, நேசபாய் இருந்தாள்.

அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனிதர்கள் மனிதர்களைப் பார்க்கும் பார்வை அல்ல அது. டிவி பார்க்கும் பார்வை. நேரம் போகாமல், வேறு நல்ல நிகழ்ச்சி எதுவும் இல்லாமல், தொலையட்டும் என்று பார்க்கும் பார்வை. உதட்டோரம் லேசாகக் கோணியிருந்தது. பெட்டிக்குள் கிடப்பவர்களைப் பார்க்கும்போது தன் உதடும் அப்படித்தான் கோணும் என்பது ஜெரிஷுக்குத் தெரியாது.

தைல வாசனை மூச்சை அடைத்தது. திரையின் சூடு முகத்தில் ஊதியது.

"மாமி..." என்றான். உயிரோடு இருந்தபோது அவளை அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை. "மாமி, நாளைக்கு எனக்கு ஒரு வேலைக்குப் போணும். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது மாமி. இந்தச் சத்தம் மட்டுந்தான்..."

நேசபாய் காதைக் கொஞ்சம் சாய்த்தாள். கேட்டாள். ரசித்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு வலது கையைத் தூக்கினாள்.

பட்டையில் ஒரே ஒரு கட்டம் மிஞ்சியது.

*

திருநெல்வேலியில் கண்ணாடி அறைக்குள் அவனை உட்கார வைத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். பேசினான். தொண்டை நரம்பு புடைக்கப் பேசினான்.

"தம்பி, மைக் உங்களுக்கு முன்னாலதான் இருக்கு" என்றார் ஒருவர்.

மறுபடி பேசினான்.

"எறும்பு தும்முற மாதிரி இருக்கு சார்" என்று இன்னொருத்தி மெதுவாகச் சொன்னது ஹெட்ஃபோனில் தெளிவாகக் கேட்டது. மூன்று பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார்கள். இதுவரை அவன் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

நாகர்கோவிலில் தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். குழாய் விட்டுப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை என்றார்.

டிவியை அன்றைக்கே சுடலையாண்டியின் ஆட்டோவில் ஏற்றினான் ஜெரிஷ். நேசபாயின் ஹாலில் பழைய இடத்திலேயே, நாற்காலிக்கு நேரே நிறுத்தினார்கள்.

"பிளக்கு குத்தாண்டாமா?" என்றான் சுடலையாண்டி.

ஜெரிஷ் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். சொல்லத்தான் வாயைத் திறந்தான். உதடு மட்டும் அசைந்தது.

அந்தக் கடைசிக் கட்டமும் போய்விட்டது.

கம்ப்யூட்டரில் இருந்த பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தான். பச்சைக் கோடுகள் எல்லாம் செத்தவன் நாடிபோல நேராகக் கிடந்தன. இரண்டு நாள் கழித்துச் சுடலையாண்டி சட்டை கிழிந்து வந்து நின்றான்.

"ஒனக்க பெண்டிரைவுல ஒரு மண்ணும் இல்ல, கேட்டியா? செத்தவனுக்க பேரச் சொல்லாம ஊரச் சுத்திட்டு வாரியாலேன்னு சொந்தக்காரனுவ என்ன அடிச்சுப் போட்டானுவ!"

ஜெரிஷ் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தான்.

சில வாரங்கள் போயின. மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஒருநாள் பூங்கனி வந்து அடுப்படி வாசலில் நின்று அஜிஷாவிடம் கிசுகிசுத்தாள்.

"பிள்ளேய், ஒனக்க மாப்பிள இஞ்ச ஊமையாட்டு இருந்துட்டு, அங்க பூட்டின வீட்டுக்குள்ள போயி பைபிள்ல சங்கீதம் வாசிக்கானா? மத்தியானம் ஆனா கேக்கு. ஜன்னலு வழியாப் பாத்தேன். டிவி கறுப்பாத்தான் நிக்கு. வயரு சுருட்டி மேல கெடக்கு. நாற்காலி மட்டும் ஆடுது. ஆனா ஒண்ணு, கேக்க எவ்வளவு சொகமா இருக்கு தெரியுமா?"

அஜிஷா மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தாள். ஜெரிஷ் மேல்படியில் உட்கார்ந்திருந்தான். கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

*

கிளாட்சன் ஊருக்கு வருவது வீட்டை விற்க. பார்ட்டி கிடைத்துவிட்டதாம். காம்பவுண்டுக்குள் கல்லறை இருப்பதை மட்டும் அவர்கள் விரும்பவில்லையாம். அதை இடித்து எலும்பை எடுத்துச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் போட்டுவிடலாம் என்று ஃபோனில் பூங்கனியிடம் சொல்லியிருந்தான். "சாமானு மாத்துற மாதிரி சொல்லுதான்" என்று அவள் காறித் துப்பினாள்.

அவன் விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கும் அன்றைக்குச் சாயங்காலம் தூறிக்கொண்டிருந்தது. ஜெரிஷ் மாடி அறையில் சும்மா உட்கார்ந்திருந்தான். தெருமுனையில் ஸ்பீக்கர் கரகரத்தது.

பிறகு அந்தக் குரல் வந்தது.

கருப்பட்டிப் பாகுக் குரல். அவனுடைய குரல்.

"மண்டைக்காடு ரோடு, காலஞ்சென்ற நேசபாய் அவர்களின் ஏக மகன் கிளாட்சன் அவர்கள், இன்று மாலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அன்னாரது அடக்க ஆராதனை..."

ஜெரிஷ் ஜன்னலுக்குப் பாய்ந்தான். தெருவில் கதவுகள் திறந்தன. குழாயடியில் பெண்கள் குடத்தை மறந்து நின்றார்கள். சுடலையாண்டி ஆட்டோவை நடுரோட்டில் போட்டுவிட்டு இறங்கி, ஸ்பீக்கரையே பார்த்தபடி பின்னால் நடந்தான்.

"நான் போடல்ல!" என்று கத்தினான். "செட்டு அணஞ்சாக்கும் கெடக்கு! வயரப் புடுங்கிட்டேன்! கர்த்தரே, நான் போடல்ல!"

தான் கும்பிடும் சாமியைக்கூட மறந்து கர்த்தரைக் கூப்பிட்டுவிட்டான் பாவம். அஜிஷா கதவைத் திறந்துகொண்டு அவனிடம் ஓடினாள். குரல் நிற்கவில்லை. நிதானமாக, அழகாக, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, ஒவ்வொரு தெருவுக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.

மேசையில் ஜெரிஷின் ஃபோன் அடித்தது.

கிளாட்சன்.

"லேய் ஜெரிசு! களியக்காவிள தாண்டியாச்சு. நல்ல மழ. பூங்கனி ஃபோன எடுக்க மாட்டேங்கா. நீ போயி வீட்டத் தொறந்து வை, என்ன?"

உயிரோடுதான் இருக்கிறான். காருக்குள் பாட்டு ஓடுகிறது. இன்னும் நேரம் இருக்கிறது. ஒரே ஒரு வார்த்தை போதும். வராதீங்க. திரும்பிப் போயிருங்க.

ஜெரிஷ் வாயைத் திறந்தான். அடிவயிற்றிலிருந்து உந்தினான்.

"என்னலே, ஹலோ? வாயில என்ன கொழுக்கட்டையா? பேசுலே!"

கழுத்து நரம்பு வெடிப்பதுபோல உந்தினான். கண்ணில் நீர் முட்டியது. தொண்டைக்குள் ஏதோ அசைந்தது. இத்தனை வாரத்துக்குப் பிறகு ஒரு சத்தம் புரண்டு, எழும்பி, நாக்குவரை வந்தது. கர்த்தரே, வந்துவிட்டது. குரல் வந்துவிட்டது.

தெளிவாக வந்தது. உரக்க வந்தது.

அது அவனுடையதில்லை.

"வந்தியா மக்கா?"

கிழட்டுக் குரல். பல்லில்லாத குரல்.

மறுமுனையில் பாட்டு சட்டென்று அணைந்தது. வைப்பர் கண்ணாடியைத் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"...அம்மா?"

ஜெரிஷ் ஃபோனை வீசிவிட்டு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். தரையில் கிடந்த ஃபோனிலிருந்து டிரைவர் ஏதோ கத்துவது கேட்டது. பொத்திய விரல்களின் இடுக்கு வழியாக அந்தக் குரல், அவனுடைய மூச்சை எடுத்துக்கொண்டு, அவசரமில்லாமல் பேசிக்கொண்டே இருந்தது.

"பைய வா மக்கா. ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு."